ஜன்னல் எங்கே?

வாசகர் கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. தாராவி 90 அடி ரோட்டில் இருக்கிறோம். அந்தேரியில், விற்பனைப் பொருட்களின் படங்களைத் தயார் செய்கிற ஒரு கேட்டலாக் யூனிட்டில் மூன்று வருஷமாக போட்டோ ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தும் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 80, 90 படம் முடிப்பேன். போட்டோஷாப்பில் எனக்குத் தெரியாத டூல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் லோயர் பரேலில், விளம்பரப் படங்கள் செய்கிற ஒரு ஸ்டுடியோவில் டெஸ்ட் வைத்தார்கள். ஒரு பெண்ணின் முகம், க்ளோசப். நாலு மணி நேரத்தில் முடித்தேன். பார்த்தவர், "சுத்தமாக இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக்" என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். அட்வான்ஸ்டு ரீடச்சிங் கோர்ஸ் ஒன்றுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா? ஏஐ வந்த பிறகு இந்தத் தொழிலே இருக்குமா என்று அப்பா கேட்கிறார். நல்ல ரீடச்சர் என்றால் உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

தம்பி, முதலில் அந்த 60,000 ரூபாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்காதீர்கள். மூன்று வருஷம் நாளுக்கு 80 படம் செய்த கைக்கு இன்னும் பத்து டூல் சொல்லிக்கொடுக்க அவ்வளவு பணம் தேவையில்லை. "சுத்தமாக இருக்கிறது" என்று அந்த ஸ்டுடியோக்காரரே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கை தேறிவிட்டது, கண்தான் இன்னும் பழகவில்லை. உங்கள் வயதில் எனக்கும் இதே அடி விழுந்தது.

2003-ஆம் வருஷம், நான் இந்த வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். முந்தைய வருஷம்தான் போட்டோஷாப் 7 வந்திருந்தது. அதில் ஹீலிங் பிரஷ் என்று புதிதாக ஒன்று, புள்ளியைச் சுற்றியுள்ள தோலோடு கலந்து மறைத்துவிடும். அதுவரை க்ளோன் ஸ்டாம்பை வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய வரம். அப்போது ஒரு மசாலா விளம்பரம் வந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி அடுப்படியில் நிற்கிறார், இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த முகத்தில் ஒரு புள்ளி விடாமல் துடைத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தேன். மூக்கோரத்து நிழல் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, அதையும் தூக்கிவிட்டேன். வலக்கன்னம் இருட்டாக இருக்கிறதே என்று இடக்கன்னத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு திருப்தி.

போட்டோகிராஃபர் வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜன்னல் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. படத்தில் ஜன்னலே கிடையாதே சார் என்றேன். ஒரிஜினலைத் திறக்கச் சொன்னார். அந்தப் பெண்மணியின் இடக்கன்னத்தில் விரலை வைத்து, "இதோ இருக்கிறது ஜன்னல். நீ அடைத்துவிட்டாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, போய்விட்டார். ஒரிஜினலின் மேல் நான் அடுக்கியிருந்த திருத்தங்களை, எல்லா லேயரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் டெஸ்ட் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்களும் ஒரு ஜன்னலை அடைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

தோலில் இருக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு சின்னக் குழி. பக்கவாட்டில் வெளிச்சம் வரும்போது குழியின் ஒரு விளிம்பு பளிச்சென்று தெரியும், எதிர் விளிம்பில் துளி நிழல் நிற்கும். முகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான சின்ன நிழல்கள், எல்லாம் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு இது தெரியாது, ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும். பெரிய ஜன்னல் என்றால் நிழலின் ஓரம் மெதுவாகக் கரையும். உச்சிவெயில் என்றால் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். அப்புறம், வெளிச்சம் தோலின் மேலேயே நின்றுவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்பி வரும். வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காது மடல் சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான். வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற கோட்டில் அதே சிவப்புச் சூடு லேசாக இருக்கும். பிளாஸ்டிக்கில் இதெல்லாம் கிடையாது. குழியையும் அந்தச் சூட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடை வாசல் பொம்மையின் முகம்தான்.

நீங்கள் பெரும்பாலும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் போட்டிருப்பீர்கள். கேட்டலாக்கில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். தோலின் நுணுக்கத்தை ஒரு லேயரிலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் இன்னொன்றிலும் பிரித்து, நிறமும் வெளிச்சமும் உள்ள கீழ் லேயரை லாசோ என்ற தேர்வு டூலால் சுற்றி மங்கலாக்குவது. வேகமான வழிதான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு நானும் போடுகிறேன். ஆனால் முகத்தில் வெளிச்சம் எப்படித் திரும்புகிறது என்ற விஷயம் முழுக்க அந்தக் கீழ் லேயரில்தான் இருக்கிறது. அதை மங்கலாக்கும்போது கன்ன எலும்பு போய்விடும், மூக்கின் பக்கச் சரிவு போய்விடும். மேலே துளைகள் மட்டும் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இதற்கு மாற்று பழைய முறைதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு கர்வ்ஸ் லேயர், ஒன்று வெளுக்க, ஒன்று கறுக்க. இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க், அதாவது பிரஷ் படுகிற இடத்தில் மட்டும் திருத்தத்தைக் காட்டும் திரை. பிரஷ் ஃப்ளோ, அதாவது ஒரு தடவலில் விழும் அளவு, 2 அல்லது 3 சதவீதம். எந்தப் புள்ளி பக்கத்துப் புள்ளியைவிட அநியாயமாக இருட்டாக இருக்கிறதோ, அதை மட்டும் ஒரு துளி தூக்குவது. ஒரு முகத்துக்கு ஒரு முழு நாள்கூடப் போகும். உங்களுக்குக் கொடுத்த நாலு மணி நேரம் போதாது என்று சொல்வீர்கள். நாலு மணி நேரத்தில் நெற்றியையும் கண்ணைச் சுற்றியும் மட்டும் இப்படிச் செய்துவிட்டு மற்றதை விட்டிருந்தாலே அவர் உங்களை உட்காரச் சொல்லியிருப்பார் என்பது என் கணக்கு.

என் பெரியப்பா மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். சாய்வான மரப்பெட்டி, நடுவே பால் கண்ணாடி, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தை மேலே அனுப்பும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஒரு திரவத்தைத் துணியில் தொட்டுத் தடவுவார், பென்சில் ஒட்டுவதற்காக. பென்சில் முனையை ஊசி மாதிரி சீவியிருப்பார். நெகட்டிவில் சுருக்கம் வெளிறிய கோடாகத் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கறுக்க வேண்டுமென்றால் கத்தி முனையால் சுரண்டுவார். நாம் இரண்டு கர்வ்ஸ் லேயரில் செய்வது அதே வேலைதான். வெளுக்க டாட்ஜ், கறுக்க பர்ன் என்ற பெயர்களும் இருட்டறையிலிருந்து வந்தவைதான். டூல்பாரில் டாட்ஜுக்குக் குச்சியில் செருகிய வட்ட அட்டையும், பர்னுக்கு மடக்கிய கையும் இருப்பதைப் பாருங்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச் செய்கிற என்லார்ஜரின் வெளிச்சத்தை மறைக்கவும் விடவும் பயன்பட்டவை அவை. பெரியப்பா வேலை தொடங்குமுன் நெகட்டிவைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் என்ன பார்க்கிறார் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

சரி, கண்ணைப் பழக்குவது எப்படி? உங்களுக்குத் தினமும் இலவசமாக ஒரு வகுப்பு இருக்கிறது. காலையில் மாஹிமில் ஏறி அந்தேரி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வடக்கே போகும்போது வெயில் வலப்பக்க ஜன்னல் வழியாக வரும். ஜன்னலோரத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள், உறுத்துப் பார்க்க வேண்டாம், பார்த்ததாகத் தெரியாமல் பாருங்கள். ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் வண்டிக்குள் இருக்கும் விளக்கின் நீலம். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, உதட்டுக்குக் கீழே எவ்வளவு இருட்டு, போட்டிருக்கும் மஞ்சள் சட்டை தாடைக்கு அடியில் எவ்வளவு மஞ்சளை அனுப்புகிறது? பாந்திரா வந்ததும் பிளாட்பாரக் கூரையின் நிழல் விழும், ஒரு நொடியில் முகமே மாறிவிடும். ஜூன், ஜூலையில் மேகம் மூடியிருக்கும்போது அதே முகத்தை அதே இடத்தில் பாருங்கள், நிழலுக்கு ஓரமே இருக்காது. ஆறு மாதம் இதைச் செய்துவிட்டு ஒரு க்ளோசப்பைத் திறந்தால், விளக்கு எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை பிடித்தார்களா என்பதை மவுஸைத் தொடுமுன் சொல்லிவிடுவீர்கள்.

நியூயார்க்கில் பாஸ்கல் டான்ஜின் என்று ஒரு ரீடச்சர். 2008 மார்ச் மாத அமெரிக்க வோக் இதழில் மட்டும் அட்டைப்படத்தோடு சேர்த்து 144 படங்கள் அவர் கை பட்டவை. அவர் முதலில் முடி திருத்தும் கடையில் வேலை பார்த்தவர். முடி எப்படி விழும், தலையைத் திருப்பினால் எந்தப் பக்கம் மின்னும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகவே இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவைச் சுற்றித் தோல் பை தைக்கிற கடைகள். நல்ல தோலின் இயல்பான வரிக்கும், தைக்கும்போது விழுந்த கீறலுக்கும் உள்ள வித்தியாசம் லோயர் பரேலில் ஏசி அறையில் வளர்ந்த கண்ணைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வரியை விட்டுக் கீறலை எடுத்த ஒரு பையின் படம் உங்கள் போர்ட்ஃபோலியோவில் கட்டாயம் இருக்கட்டும்.

இனி நான் மிகவும் அக்கறைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் நிறம்.

மும்பையில் எந்த க்ளையண்ட்டும் "வெளுக்கச் செய்" என்று நேராகச் சொல்ல மாட்டார். "கொஞ்சம் ப்ரைட் பண்ணு", "ஃப்ரெஷ்ஷாக வேண்டும்" என்பார். பழக்கத்தில் நாம் என்ன செய்கிறோம்? கர்வ்ஸின் நடுவைப் பிடித்துத் தூக்கிவிடுகிறோம். கறுத்த தோலில் இப்படிச் செய்தால் அழகு கூடாது, சாம்பல் பூக்கும். வெளிறிய தோல் தன் வடிவத்தை நிழலால் காட்டும். கறுத்த தோல் மினுக்கத்தால் காட்டும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதடு, தோள்பட்டை என்று வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடங்கள்தான் அந்த முகத்தின் எலும்புக்கூடு. நடு டோனைத் தூக்கும்போது அந்த மினுக்கத்துக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் உள்ள தூரம் குறைந்துபோகிறது. முகம் தட்டையாகிவிடும்.

"ப்ரைட்" கேட்டால் நான் செய்வது வேறு. முதலில் பின்னணியை ஒரு படி இறக்குவேன். முகத்தைத் தொடாமலேயே அது முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் கண் எதையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அடுத்து மினுக்கங்களை மட்டும் தேர்ந்து கொஞ்சம் ஏற்றுவேன். கண்ணின் வெள்ளையைத் தொடவே மாட்டேன், கருவிழியில் தெரிகிற விளக்கின் புள்ளியை மட்டும் துளி ஏற்றுவேன். பிரிண்டுக்குப் போகும் ஃபைல் என்றால் சயான் என்ற நீலப்பச்சை மையைக் கவனிப்பேன். நம் தோலில் மஞ்சள் மை, மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அதில் சயான் ஏறினால் உயிர் போய்விடும். பத்தில் எட்டு முறை க்ளையண்ட் "இதுதான் வேண்டும்" என்பார். தோலின் நிறம் ஒரு புள்ளி மாறியிருக்காது.

மீதி இரண்டு முறை உண்மையிலேயே வெளுக்கத்தான் கேட்பார்கள். அப்போது நான் வாயைத் திறந்து சொல்வேன். விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ, கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக 2014-லேயே விதி போட்டது. பெரிய க்ரீம் ஒன்று 2020-இல் தன் பெயரிலிருந்த ஃபேர் என்ற சொல்லையே எடுத்துவிட்டு க்ளோ என்று வைத்துக்கொண்டது. இதைச் சொன்னால் சிலர் யோசிப்பார்கள். யோசிக்காதவர்களின் வேலையை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாடகை கட்டச் சிரமப்பட்ட மாதம் ஒன்றில்தான் அதில் ஒன்று வந்தது. உங்களை அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ப்ரைட் என்ற சொல்லுக்கு வெளுப்பு என்று நாமாகவே அர்த்தம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்றே நிறுத்தலாம், அதற்குக் காசு செலவில்லை. பல வருஷங்களுக்குக் கலர் லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார், ஷர்லி கார்டு என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நம் அம்மாக்கள் குடும்பப் படத்தில் ஏன் கரிக்கட்டையாக வந்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அந்த அட்டையின் இடத்தில் நீங்களும் நானும் உட்கார்ந்திருக்கிறோம் தம்பி.

மச்சம், தழும்பு பற்றி ஒரு வார்த்தை. பரு பத்து நாளில் தானாகப் போய்விடும், எடுத்துவிடுங்கள். மச்சமும் தழும்பும் அவரோடு இருப்பவை, கேட்காமல் தொடாதீர்கள். இடுப்பையும் கையையும், வடிவத்தை இழுத்து மாற்றுகிற லிக்விஃபை போட்டு ஒடுக்கச் சொன்னாலும் யார் சொன்னது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ குண்டாகவோ மாற்றிய விளம்பரத்தில் "திருத்திய படம்" என்று போட வேண்டும் என்பது 2017 அக்டோபரிலிருந்து சட்டம்.

மானிட்டர் விஷயத்தில் செலவு செய்யுங்கள், கோர்ஸுக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கு போதும். மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்கிற, கேலிப்ரேட் செய்கிற கருவி ஒன்றை வாங்கி 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 120 கேண்டெலா அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலாக் யூனிட்களில் மானிட்டரின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்கிறார்கள். அதில் சரியாகத் தெரியும் படம் காகிதத்தில் இருட்டாக விழும். செய்தித்தாளுக்குப் போகும் படத்தில், ஒவ்வொன்றும் 100 சதவீதம் வரை போகக்கூடிய நாலு மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு, வழவழப்பான காகிதம் 300-ஐத் தாங்கும். ஒரு தரம் அச்சகத்துக்குப் போய், ஓடுகிற மெஷினிலிருந்து எடுத்த தாளில் உங்கள் படத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு நிழலில் கை வைக்கும் விதமே மாறும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கவலை நியாயமானது, சமாதானம் சொல்லி மூட மாட்டேன். 2010-இல், சுற்றியுள்ளதை வைத்துத் தானாக நிரப்புகிற கன்டென்ட் அவேர் ஃபில் வந்தபோது கம்பியையும் போஸ்டையும் அழிக்கிற வேலை குறைந்தது. 2023-இல், ஏஐயே புதிதாக வரைந்து நிரப்புகிற ஜெனரேட்டிவ் ஃபில் வந்த பிறகு பின்னணி நீட்டும் வேலை எங்களிடமிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது. பாத் போட்டு, அதாவது பொருளின் ஓரத்தில் கோடு வரைந்து, பின்னணியிலிருந்து வெட்டும் வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் இப்போது செய்கிற 80, 90 படங்களில் பெரும்பகுதி இந்த வகைதான், அதை நம்பி இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டாம். ஆனால் புதிதாக ஒரு வேலை என் மேஜைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஏஐ செய்த படத்தை "ஏதோ உறுத்துகிறது, சரி பண்ணிக் கொடுங்கள்" என்று அனுப்புகிறார்கள். திறந்ததும் முதலில் கருவிழியைத்தான் பார்ப்பேன். கண்ணுக்குள் விளக்கு வலப்பக்கம் இருக்கும், மூக்கின் நிழலும் வலப்பக்கமே விழுந்திருக்கும். கையில் பிடித்த டம்ளரின் நிழல் மூன்றாவது ஒரு திசையில் கிடக்கும். அதை ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்கு, ஜன்னல் எங்கே என்று கேட்கத் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது.

டெஸ்டுக்குக் கொடுத்த அந்த ஒரிஜினல் ஃபைல் இன்னும் உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். அது அவர்கள் சொத்து, எங்கும் போடாதீர்கள், பழகுவதற்கு மட்டும் திறங்கள். எதையும் துடைக்காமல், மேலே ஒரு காலி லேயர் போட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து முகம் வரைக்கும் ஓர் அம்பு வரையுங்கள். நிழலின் ஓரம் கரைகிற இடத்தில் ஒரு கோடு. மினுக்கம் இருக்கும் இடமெல்லாம் ஒரு புள்ளி. அப்புறம் நீங்கள் முடித்துக் கொடுத்த ஃபைலைத் திறந்து, அதே லேயரை இழுத்து அதன்மேல் வையுங்கள். எந்தப் புள்ளிக்கு அடியில் மினுக்கம் இல்லை, எந்தக் கோட்டுக்கு அடியில் நிழல் இல்லை என்று பாருங்கள். பார்த்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.